தண்ணீர் வைத்தாயிற்று

லோறன்ஸ் ஐந்து மணிக்கு எழுந்தான். சனிக்கிழமை, வேலை இல்லை. இருந்தாலும் ஐந்துக்கு எழுந்தான். குசினிக்குள் போய் நிலத்தில் இருந்த நீலக் கோப்பையை எடுத்தான். முதல்நாள் தண்ணீரை வெளியே ஊற்றி, உட்புறத்தை விரலால் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, யன்னலுக்குக் கீழே வைத்தான். நாய் வந்து நாலு வாய் குடித்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தது. அதன் பிறகுதான் அவன் தனக்குத் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தான். குடித்தான். முகம் வழித்தான். நாயைப் படி இறக்கிக் கூட்டிப்போய் எதிரே இருந்த புல்லில் விட்டு, திரும்ப மேலே கூட்டி வந்தான். பாண் இரண்டு துண்டு தின்றான். கட்டிலில் ஒரு பக்கம்தான் கலைந்திருந்தது. அதை விரித்தான்.

பதினொரு மாதமாக இதுதான் ஒழுங்கு. முதலில் நாய்க்குத் தண்ணீர். மற்றதெல்லாம் பிறகு. காய்ச்சலில் கிடந்த நாட்களிலும் இது மாறவில்லை.

நாய் அவனுடைய மனைவி எவ்லினுடையது. நீண்ட உடம்பு, குட்டைக் கால்கள், பழுப்பு நிறம், பெயர் வால்டி. மூன்றாம் மாடியில் இருந்த கிழவி முதியோர் இல்லத்துக்குப் போனபோது, அவளுடைய வீட்டைத் துப்புரவாக்கப் போய்வந்த எவ்லின் நாயைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"எங்களுக்கே ஆறு மாதத்துக்கு ஒருக்காத்தான் விசா குத்துறாங்கள். இதுக்குள்ள நாயோ?" என்றான் லோறன்ஸ்.

"இது இஞ்ச பிறந்தது. இதுக்கு விசா தேவையில்லை. இதைக் காட்டி நாங்களும் இருக்கலாம்," என்று சொல்லிச் சிரித்தாள்.

போன புரட்டாதியில் அவள் இறந்தாள். இருபத்தேழு வயது. இரண்டு நாளாகத் தலையிடி என்றாள். டொக்டரைப் பார்க்க வியாழக்கிழமைக்கு டெர்மின் எடுத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை அவன் பாண் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனான். மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது நாய் கட்டிலில் அவளுடைய காலடியில் படுத்திருந்தது. அவனைக் கண்டும் இறங்கவில்லை. மூளையில் ஒரு இரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்று பிறகு சொன்னார்கள்.

மன்னாரில் பங்குச் சுவாமியாரின் அறையில் இருந்த ரெலிபோனுக்குக் கூப்பிட்டுத்தான் அவளுடைய தாயோடு பேச முடிந்தது. அந்த மனுசி அழவில்லை. ஒன்றைத்தான் கேட்டாள்.

"கடைசியா என்ன தம்பி கதைச்சவள்?"

அவன் சொன்ன சொல் கடல் தாண்டிப் போய்த் திரும்பி அவனுடைய காதிலேயே விழுந்தது. "மாதாவே எண்டு சொன்னவ, மாமி."

"அது காணும், அது போதும்," என்றாள் தாய். பிறகுதான் அழுதாள்.

அது பொய். யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை. வாயில் வந்தது. ஆனால் இங்கே ஜேர்மனியில், எசன் நகரில் இருந்த எவ்லினின் தமக்கை மரியமலர் அதைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த நினைவு அட்டையில், எவ்லினின் படத்துக்குக் கீழே, 'மாதாவே என்றழைத்து மாதாவிடம் சேர்ந்தவள்' என்று போட்டாள். அந்த அட்டை கனடாவுக்கும் பிரான்சுக்கும் போனது. அவளைக் காணாதவர்களும் அவள் சொல்லாத சொல்லைச் சொன்னார்கள்.

அன்று காலை அவள் சொன்னது வேறு. சின்ன விசயம். அவன் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு நின்றான், திரும்பிப் பார்க்கவில்லை. அதைக் கேட்டவை இரண்டு உயிர்கள். ஒன்று அவன். மற்றது கட்டிலுக்குக் கீழே படுத்திருந்த நாய். பதினொரு மாதத்தில் அவன் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. நாயோடு இருக்கும்போது மட்டும் பொய் சொல்லாமல் இருக்கலாம்.

இன்று கேவலார் என்ற ஊரின் மாதா கோயிலுக்குத் தமிழர்கள் யாத்திரை போகும் நாள். ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஜேர்மனி முழுவதிலும் இருந்து சனம் வரும். பூசைக்கு முன்னர், அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். மரியமலர் எவ்லினின் பெயரைக் கொடுத்திருந்தாள். "புருசன் நிக்கவேணும். நீர் வராட்டி ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்று மூன்று தடவை ரெலிபோன் எடுத்துவிட்டாள்.

வழக்கமாக நாயைக் கீழ் வீட்டு நோவாக் அம்மாவிடம் விடுவான். அவள் மகளோடு ஸ்பெயினுக்குப் போயிருந்தாள். தனியே வீட்டில் விட ஏலாது. எவ்லின் போனதில் இருந்து தனியே விட்டால் நாய் ஊளையிட்டது; வீட்டு நிர்வாகத்தில் இருந்து இரண்டு கடிதம் வந்தாயிற்று. எட்டு மணிக்கு வால்டியைப் பின் இருக்கையில் ஏற்றினான். நீலக் கோப்பையையும் ஒரு பெரிய போத்தல் தண்ணீரையும் எடுத்து வைத்தான். கெல்சென்கிர்ச்சனை விட்டு வெளிக்கிடும்போதே வானம் வெளுத்துக் கிடந்தது. றேடியோவில் முப்பத்தொரு பாகை என்றார்கள்.

கேவலாரில் ஒரு புல்வெளியைக் கார் விடுவதற்காகத் திறந்து விட்டிருந்தார்கள். ஓரத்தில் வரிசையாக மரங்கள். நேரத்தோடு வந்ததால் மரத்தடியில் நல்ல நிழலாக இடம் கிடைத்தது. பக்கத்தில் மரியமலரின் புருசன் ராசன் வானின் பின்கதவைத் திறந்து சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன ஐசே, நாயையும் நேர்த்திக்கோ கொண்டு வந்தனீர்?" என்றார். பிறகு குனிந்து நாயிடம், "வாலாட்டி, உனக்கு மாதாவிட்டை என்ன குறை?" என்றார். வால்டி வாலை ஆட்டியது. ராசன் ஒருவர்தான் அதனோடு பேசுகிறவர்.

மரியமலர் வானுக்குள் இருந்து தலையை நீட்டினாள். "கடவுளே! அதை ஏன் கொண்டு வந்தனீர் லோறன்ஸ்?"

"விட ஆளில்லை அக்கா."

"சனத்துக்குள்ள கொண்டு வராதையும். சின்னப் பிள்ளையள் கத்துங்கள். சுவாமிமார் சாப்பிடுற இடம். நாயைக் கொண்டு கோயிலுக்கு வாறதெண்டால், ஆக்கள் எங்களைத்தான் சொல்லுவினம்."

"அப்ப நான் இதிலை இதோட நிக்கிறன். பேர் வாசிக்கிற நேரம் வாறன்."

"தங்கச்சிக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்த வேண்டாமோ? காருக்குள்ள விட்டிட்டு வாரும். அரை மணித்தியாலம்தானே."

லோறன்ஸ் மேலே பார்த்தான். "வெயிலாக் கிடக்கு."

ராசன் சிரித்தார். "வெயிலோ? மன்னாரிலை பிறந்திட்டு இதை வெயில் எண்டு சொல்ல உமக்கு வெக்கமில்லையோ? இது ஜேர்மன்காரனுக்குத்தான் வெயில். எங்களுக்கு இது நிழல்."

லோறன்சும் சிரிப்பதுபோல் வாயை அசைத்தான். அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. ஊரில் இதைவிடக் கொடிய வெயிலில் நாய்கள் தெருவில் படுத்துக் கிடந்தன. எந்த நாயும் வெயிலில் செத்ததாக அவன் கேட்டதில்லை. ஊர் நாய்களை ஒருவரும் காருக்குள் பூட்டி வைத்ததில்லை என்பது அந்த நேரம் அவனுக்கு நினைவுக்கு வரவில்லை. இந்த நாட்டில் அவர்கள் குளிருக்குத்தான் பயந்தார்கள். பிள்ளைக்குத் தொப்பி போட்டார்களா, யன்னலைப் பூட்டினார்களா, காலுக்கு மேசு இருக்கிறதா என்று வந்த நாளில் இருந்து குளிரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் அவர்களுக்குச் சொந்தக்காரன் மாதிரி.

கண்ணாடியை அரைவாசிக்கு இறக்கினான்.

"அவ்வளவு வேண்டாம்," என்றார் ராசன். "போனமுறை இதிலை ஒருத்தற்றை கார் றேடியோவைக் கழட்டிக்கொண்டு போட்டாங்கள். மாதாவைக் கும்பிட வந்தவன் பாட்டில்லாமல் வீட்டை போனவன்."

லோறன்ஸ் கண்ணாடியை ஏற்றி, இரண்டு விரல் அளவுக்கு இடைவெளி விட்டான். பின் இருக்கைக்குக் கீழே நீலக் கோப்பையை வைத்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினான். வால்டி கோப்பையை முகர்ந்து பார்த்துவிட்டு, இருக்கையில் ஏறி அவனைப் பார்த்தது. தண்ணீர் வைத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பில் ஒரு ஆறுதல் இருந்தது. ஒவ்வொரு காலையும் வரும் அதே ஆறுதல். அன்றைய கடமை முடிந்தது என்பதுபோல. கதவைப் பூட்டினான்.

மெழுகுதிரி கொளுத்த நாற்பது நிமிடம் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. கொளுத்திவிட்டு, மரியமலருக்குச் சொல்லாமல் புல்வெளிக்கு வந்து பார்த்தான். கார் நிழலில்தான் நின்றது. நாய் தலையை முன்கால்களில் வைத்துப் படுத்திருந்தது. கண்ணாடியைத் தட்டினான். ஒரு காதை மட்டும் அசைத்தது. சரி என்று திரும்பிவிட்டான். அப்போது பத்தரை மணி.

பிறகு அவனைப் போக விடவில்லை. மரியமலர் அவனுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். "இவர்தான் எவ்லின்ரை அவர்." ஒவ்வொருவரும் அவனுடைய கையை எடுத்து இரண்டு கையாலும் பிடித்தார்கள். ஸ்ருட்கார்ட்டில் இருந்து வந்த ஒரு மனுசி, பேர்பெச்சுவா என்று பெயர் சொன்னாள், நினைவு அட்டையைப் பைபிளுக்குள் வைத்திருந்தாள். எடுத்துக் காட்டினாள்.

"மாதாவின்ரை பேரைச் சொல்லிக்கொண்டு போற சா ஆருக்கு வாய்க்கும், தம்பி? நான் ஒவ்வொரு நாளும் இந்தப் பிள்ளையின்ரை சாவைத் தா எண்டுதான் கேக்கிறனான்."

"ஓம்," என்றான் லோறன்ஸ்.

"உமக்கு எத்தினை வயசு?"

"முப்பத்திரண்டு."

"இப்பிடியே தனிய இருக்கேலுமோ? ஒருத்தி வேணும் பாரும், சமைச்சுத் தர." மரியமலரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "கொழும்பிலை எங்கட பெறாமகள் ஒருத்தி நிக்கிறாள்."

"ஆண்டு முடியட்டும் அக்கா," என்றாள் மரியமலர். அவனுடைய முழங்கையில் அவளுடைய பிடி கொஞ்சம் இறுகியது.

இத்தனை பேருக்கு நடுவில் நிற்கும்போதுதான் அவனுக்கு மிகவும் தனிமையாக இருந்தது. அவர்கள் அழுதது வேறு ஒருத்திக்காக. அவர்களுடைய எவ்லின் கைகூப்பியபடி மாதாவை அழைத்துக்கொண்டு போனவள். அவனுடைய எவ்லின் ஞாயிறு பூசைக்கு எழும்பப் பஞ்சிப்பட்டு, "மாதா கோவிக்க மாட்டா, மரியமலர்தான் கோவிப்பாள்," என்று போர்வையை இழுத்து மூடுகிறவள். அவளைப் பற்றி அங்கு யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அவனால் சொல்ல ஏலாது. அட்டை அச்சாகிவிட்டது.

செபமாலை தொடங்கியது. வெளியில் போட்ட கதிரைகளில், முன்வரிசையில் அவனை இருத்தினார்கள். வெயில் நேரே தலையில் விழுந்தது. பெண்கள் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். மணி பன்னிரண்டரை.

செபமாலையின் கடைசிப் பகுதியான ஐந்தாம் காரணிக்கம் முடிந்த கையோடு ஒரு ஜேர்மன் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. கார் இலக்கம் ஒன்றைச் சொல்லி, உரிமையாளர் உடனடியாகக் காரிடம் வரவேண்டும் என்றது. பிறகு நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்த தமிழ்ப் பெடியன் மைக்கை வாங்கினான். "கெல்சென்கிர்ச்சன்காரர் ஆரோ காரைக் குறுக்கை விட்டிட்டு வந்திருக்கிறீங்கள். மாதா மேலையிருந்து பாத்துக்கொண்டிருக்கிறா, பொலிசும் கீழையிருந்து பாத்துக்கொண்டிருக்குது." சனம் சிரித்தது.

அது லோறன்சின் இலக்கம். அவன் எழுந்தான்.

"எங்கை?" என்றாள் மரியமலர்.

"என்ரை கார்தான். கூப்பிடுறாங்கள்."

"தள்ளி விடச் சொல்லுவாங்கள். ஒவ்வொரு வருசமும் இதுதானே. இரும். இப்ப பேர் வாசிக்கப் போகினம். அவளின்ரை பேர் வரேக்கை உம்மட கதிரை வெறுமையாக் கிடக்கிறதோ?"

நான் ஒழுங்காகத்தானே விட்டேன் என்று நினைத்தான். ஏன் கூப்பிடுகிறார்கள் என்பதை அவன் அதற்கு மேல் யோசிக்கவில்லை. பதினொரு மாதமாக அவன் எதையும் அதற்கு மேல் யோசித்ததில்லை. இருந்தான்.

பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்கள். பேர்லின், பிரேமன், டோர்ட்முண்ட் என்று ஊர்வாரியாக வந்தது. பெயர், வயது, ஊர். ஒவ்வொன்றுக்கும் சனம் 'நித்திய இளைப்பாற்றி' என்றது. எசன் தொடங்கியது. அடுத்தது கெல்சென்கிர்ச்சன். அப்போது அதே ஜேர்மன் குரல் இடையில் புகுந்தது. இம்முறை சத்தமாக, அவசரமாக. இலக்கம், நீல நிற ஓப்பல், பிறகு ஒரு சொல்: ஹுண்ட். நாய்.

லோறன்ஸ் ஓடினான். கதிரை விழுந்த சத்தம் கேட்டது. மரியமலர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கேட்டது.

புல்வெளிக்கு வந்ததும் முதலில் கண்டது நிழலைத்தான். நிழல் நகர்ந்து பக்கத்து வானின் மேல் கிடந்தது. கார் முழு வெயிலில் நின்றது. பட்டம் பெற்றுவிட்டு மன்னாரில் இரண்டு வருடம் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன் அவன். கண்ணாடிக்குள் புகுந்த வெப்பம் ஏன் வெளியே போகாது என்று கரும்பலகையில் படம் கீறிக் காட்டியவன். சூரியன் நகரும், நிழலும் நகரும் என்பதற்குப் படிப்பும் தேவையில்லை.

பின்கதவுக் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. புல்லில், ஒரு மரத்தின் அடியில், வால்டி பக்கவாட்டில் கிடந்தது. நரைத்த தலைமயிரைக் குட்டையாக வெட்டிய ஒரு ஜேர்மன் பெண் முழங்காலில் இருந்து, நனைத்த துவாயால் அதன் வயிற்றையும் பாதங்களையும் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு இளம் பொலிஸ்காரன். நாயின் நாக்கு கறுத்த சிவப்பில் வெளியே கிடந்தது. மூச்சு ஒன்றன்மேல் ஒன்றாக, எண்ண முடியாத வேகத்தில் வந்தது. கண் திறந்திருந்தது. ஆனால் அது அவனைப் பார்க்கவில்லை.

"உங்கள் நாயா?" என்றாள் அந்தப் பெண்.

"என் மனைவியின் நாய்," என்றான். அவனுக்கு ஜேர்மன் நன்றாக வரும். அந்த நேரம் அதுதான் வந்தது.

"இரண்டு தடவை கூப்பிட்டோம். பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கண்ணாடியை உடைத்தோம். முதல் தடவையே ஏன் வரவில்லை?"

"ஒரு பெயரை வாசிப்பார்கள் என்று இருந்தேன்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். விளங்கவில்லை. விளங்கப்படுத்த நேரமும் இல்லை. "என்னுடைய கார் அங்கே நிற்கிறது. தூக்குங்கள். மெதுவாக."

அவன் தூக்கினான். ரோமத்துக்குள் இருந்து வந்த சூடு, தொழிற்சாலையில் போறணையில் இருந்து எடுத்த பாணின் சூடு. பின்னால் ஒலிபெருக்கி பேசிக்கொண்டிருந்தது. தூரத்தில் அது வெறும் சத்தம்தான். எந்தப் பெயர் என்று தெரியவில்லை. கெல்சென்கிர்ச்சன் முடிந்திருக்கும்.

மிருக வைத்தியர் ஊருக்குள்ளேயே இருந்தார். கட்டையான, அதிகம் பேசாத மனிதர். வெப்பமானியை எடுத்துப் பார்த்து, நாற்பத்துமூன்று என்றார். காலில் ஊசி குத்திக் குழாய் வழியாக மருந்து ஏற்றினார். ஈரத் துணி போட்டார், விசிறியைத் திருப்பி வைத்தார். நாய் ஒரு தடவை வாந்தி எடுத்தது. பிறகு கால்கள் நாலும் ஓடுவதுபோல் இழுத்தன. லோறன்ஸ் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எவ்வளவு நேரம் வெயிலில் நின்றது?"

"தெரியாது. பத்தரைக்கு நிழலில் நின்றது."

"வெளியே முப்பது என்றால், பூட்டிய காருக்குள் அரை மணித்தியாலத்தில் ஐம்பதுக்குக் கிட்ட வரும். இரண்டு விரல் இடைவெளியால் ஒரு பயனும் இல்லை."

"தண்ணீர் வைத்திருந்தேன்," என்றான் லோறன்ஸ்.

வைத்தியர் கையில் இருந்த வேலையை நிறுத்தவில்லை. "நாய்க்கு எங்களைப்போல் வியர்க்காது. மூச்சால்தான் உடம்பை ஆற்றும். உள்ளே இழுக்கிற காற்றே கொதித்தால், தண்ணீர் என்ன செய்யும்?"

"முழுக் கோப்பை வைத்திருந்தேன்," என்று திரும்பவும் சொன்னான்.

வைத்தியர் ஈரத் துணியை மாற்றிப் போட்டார்.

பொலிஸ்காரன் ஒரு படிவத்தோடு வந்தான். குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். நாய்க்கு வரி கட்டியதற்காகக் கழுத்துப்பட்டியில் தொங்கிய தகட்டின் இலக்கத்தைப் பார்த்து எழுதினான். நாய் யாருடைய பெயரில் பதிந்திருக்கிறது என்று கேட்டான்.

"மனைவியின் பெயரில்."

"அவரோடும் பேச வேண்டியிருக்கும். எங்கே இருக்கிறார்?"

லோறன்ஸ் நினைவு அட்டையைச் சட்டைப் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தான். பொலிஸ்காரன் படத்தைப் பார்த்தான். தமிழ் எழுத்து அவனுக்கு விளங்கவில்லை. இரண்டு திகதிகளும் விளங்கின. இரண்டு கையாலும் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

இரண்டு மணி பத்துக்கு வால்டி இறந்தது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வேகமாக வந்துகொண்டிருந்த மூச்சு மெதுவானது. லோறன்ஸ் அதைக் குணமாகிறது என்று நினைத்தான். வைத்தியர் மருந்துக் குழாயை மூடிவிட்டு, அவனுடைய தோளில் ஒரு கணம் கையை வைத்துவிட்டு, கை கழுவப் போனார்.

வெளியே தாழ்வாரத்தில் ஒரு வாங்கு இருந்தது. அதில் இருந்தான். நரைத்த பெண் போகாமல் காத்திருந்தாள். அவனுடைய காரின் பின் இருக்கையடியில் இருந்து எடுத்து வந்த நீலக் கோப்பையை அவனிடம் தந்தாள். அதில் அரைவாசித் தண்ணீர் இன்னும் இருந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், ஏசத்தான் நினைத்திருப்பாள். அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்துப் போய்விட்டாள். அவன் கோப்பைக்குள் விரலை வைத்தான். இவ்வளவு நேரத்துக்குப் பிறகும் தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது.

மூன்று மணியளவில் மரியமலரும் ராசனும் வந்தார்கள். பூசை முடிந்த கையோடு விசாரித்து வந்திருக்கிறார்கள். ராசன் கதவடியிலேயே நின்றுவிட்டார். மரியமலர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"பேர் வாசிச்சவை," என்றாள். "நீர் இல்லை. எல்லாரும் என்னைத்தான் பாத்தவை."

அவன் கோப்பையை எடுத்து மடியில் வைத்தான்.

"நாய் எங்கை?"

"செத்துப்போச்சு அக்கா."

அவள் அப்படியே நின்றாள். பிறகு வாங்கின் மறு முனையில் இருந்தாள். "நாய்தானே," என்று தொடங்கினாள். அவனுடைய மடியில் இருந்த கோப்பையைப் பார்த்தாள். "நான்தான் காருக்குள்ள விடச் சொன்னனான்," என்றாள்.

"நானும்தான் வெயிலைப் பகிடி பண்ணினனான்," என்றார் ராசன் கதவடியில் இருந்து. "கண்ணாடியை ஏத்தச் சொன்னதும் நான். ஒரு பழைய றேடியோவுக்காக."

"விட்டது நான்," என்றான் லோறன்ஸ். "முதல்முறை கூப்பிடேக்கையும் நான்தான் போகேல்லை."

உள்ளே வைத்தியர் எதையோ எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. லோறன்ஸ் கோப்பையை மடியில் வைத்திருந்தான். இனி வீட்டுக்குப் போனால் காலை ஐந்து மணிக்கு எழுந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய ஒன்றும் இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையை அறிந்த மற்ற உயிர் போய்விட்டது. இனி அவன் ஒருத்தன்தான். அவனும் வாயைத் திறக்காவிட்டால் அட்டையில் இருப்பதுதான் மிஞ்சும். எவ்லின் என்ற ஒருத்தி இருந்ததே இல்லை என்று ஆகிவிடும்.

"அக்கா," என்றான். "அவ மாதாவே எண்டு சொல்லேல்லை."

ராசன் தலையை நிமிர்த்தினார். மரியமலர் அசையவில்லை. கையில் இருந்த செபமாலையின் மணி ஒன்றைப் பெருவிரலால் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா கேட்டவ. வாயிலை வந்திட்டுது. பிறகு மாத்தேலாமல் போச்சு."

அவள் அழப்போகிறாள் என்று நினைத்தான், அல்லது ஏசப்போகிறாள் என்று.

"எனக்கும் அப்பிடித்தான் ஒரு எண்ணம் இருந்தது," என்றாள் மரியமலர். "செபமாலை சொல்லச் சொன்னால் தலையணைக்குள்ள முகத்தை வைச்சு நித்திரை கொள்ளுறவள். தலையிடிக்கு மாதாவைக் கூப்பிட்டிருப்பாளோ அவள்?" அவள் செபமாலையைக் கைக்குள் சுருட்டினாள். "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதையும்."

"இல்லை."

"எனக்குச் சொல்லும். என்ன சொன்னவள்?"

லோறன்ஸ் சொல்லத் தொடங்கினான். அன்று காலை அவன் வீட்டுக் கதவடியில் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு நின்றான். அறை இருட்டாக இருந்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி, கண்ணைத் திறக்காமல் சொன்னாள். அவள் சொன்னபடியே சொன்னான், ஒரு சொல்லும் கூட்டாமல்.

"இஞ்சேருங்கோ, வால்டிக்குத் தண்ணியை வைச்சிட்டுப் போங்கோ. நான் பிறகு எழும்புறன்."